எலுமிச்சை மரம் குடித்த பீர்

அத்தியாயம் 9

போன வாரம் மரே டக்வெல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதைப் பார்த்தோம். மகள் டீகனின் நிச்சயதார்த்த விருந்தில், மாப்பிள்ளை லூக்காவின் அப்பா கார்மெலோ, "கல்யாணத்துக்கு ஒயின் என் பொறுப்பு. என் கராஜ்லயே போட்டது" என்று மார்தட்டினார். மரேக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "அப்ப பீர் என் பொறுப்பு. என் ஷெட்லயே போட்டது" என்று அறிவித்துவிட்டார்.

மேசையைச் சுற்றி ஒரு மௌனம் விழுந்தது. இழவு வீட்டில்கூட யாராவது மூக்கையாவது சிந்துவார்கள்.

கார்மெலோ மட்டும் கையைத் தட்டினார். "சபாஷ் சம்பந்தி! ஞாயித்துக்கிழமை வந்து ருசி பாக்கறேன்."

அந்த ஞாயிறு விடிந்துவிட்டது. விடியும்போதே வெயில். அடிலெய்டின் பிப்ரவரி யாருக்கும் சலுகை தராது. மரே வீடு இருக்கும் சாலிஸ்பரி பக்கம் கேட்கவே வேண்டாம்.

மரேயின் பீரைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் வாய் திறந்து பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. பின்புறத் தோட்டத்து எலுமிச்சை மரம் பேசும். விருந்தாளி எவரானாலும், முதல் மடக்கு உள்ளே போனதும், "அடேயப்பா, என்ன காய்ப்பு!" என்று வியந்தபடியே குவளையோடு மரத்தடிக்கு நடப்பார். திரும்பி வரும்போது குவளை காலியாக இருக்கும்.

"இன்னொண்ணு ஊத்தட்டுமா?" என்பார் மரே.

"ஐயோ, வண்டி ஓட்டணும் மரே."

பக்கத்து வீட்டு கிளெனிஸ், வேலிக் கதவைத் திறந்துகொண்டு நடந்தே வருபவள், அவளும் வண்டி ஓட்டணும் என்றுதான் சொல்வாள்.

ரேலீனுக்கு இதெல்லாம் தெரியும். கட்டிய மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா? பச்சை ஆப்பிளை ஈர அட்டைப் பெட்டியில் ஊறவைத்த மாதிரி ஒரு ருசி. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முதல் குவளையை வாங்கி ஒரு மடக்கு குடித்துவிட்டு, முகத்தில் ஒரு நரம்பு அசையாமல், "அருமை" என்பாள்.

காரணம் இருந்தது. கார்த் தொழிற்சாலையை மூடியபின், வெல்டிங் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிய மரே, மாதக்கணக்கில் தொலைக்காட்சிக்கு முன்னால் இன்னொரு சோபாவாகவே இருந்தார். தந்தையர் தினத்துக்கு டீகன் ஒரு பீர் பெட்டி வாங்கித் தந்தாள். வாளி, குழாய், மூடி போடும் கருவி, 'பேல் ஏல்' என்று பீர் வகை எழுதிய ஒரு டின் பாகு. டின்னைக் கரை, சர்க்கரையைக் கொட்டு, ஈஸ்ட்டைத் தூவு, மூடி வை. சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம். மறுநாள் ஷெட்டிலிருந்து விசில் சத்தம் கேட்டது. மரேதான் விசிலடித்தார். கல்யாணமான புதிதில் அடித்தாரே, அதே விசில்.

அந்த விசிலுக்காக ரேலீன் சாக்கடைத் தண்ணீரைக்கூட "அருமை" என்றிருப்பாள்.

ஆனால் கல்யாணம் என்பது வேறு. "அம்மா, அந்த பீர் என் கல்யாண மேசைக்கு வந்தா, நானும் லூக்காவும் பாலித் தீவுக்கு ஓடிப் போய்த் தாலி கட்டிக்குவோம்" என்கிற பொருள்பட, கல்யாணப் பேச்சு எழுந்த அன்றே டீகன் மிரட்டிவிட்டாள். அப்பாவிடம் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. யாருக்குத்தான் வந்தது?

ஆகவே ரேலீன் ஒரு காரியம் செய்தாள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே தொடங்கிய காரியம் அது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நமக்கு மட்டும் தெரியும்.

பீர் சாமான் விற்கும் கடையில் கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு பெண் இருந்தாள். ரேலீன் மரேயின் முறையைச் சொல்லச் சொல்ல, அவள் முகம் பல்வலிக்காரி மாதிரி சுருங்கியது.

"தகர ஷெட்லயா? இந்த வெயில்லயா? ஈஸ்ட்டுக்குப் பைத்தியமே பிடிச்சிருக்குமே! வெள்ளைச் சர்க்கரையை விடுங்க, முளைகட்டின பார்லியில செஞ்ச மால்ட் பொடி போடுங்க. நல்ல ஈஸ்ட் வாங்குங்க. குளிர்ச்சியான இடத்துல வைங்க. முக்கியமா, அவசரப்படாதீங்க."

அதன்பின் வீட்டில் நடந்தவை எல்லாம் ரேலீனின் திருவிளையாடல். "கடையில இந்தச் சர்க்கரைதான் இருந்துச்சு" என்று மால்ட் பொடியை நீட்டினாள். டின் மூடியடியில் இருந்த ஈஸ்ட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். ஷெட்டில் எலி ஓடுகிறது என்று புளுகி, வாளியைத் துணி துவைக்கும் அறைக்குக் கொண்டுவந்து, ஈரத் துண்டு சுற்றி, மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். மரே புல்வெளிப் பந்தாட்டத்துக்குப் போயிருந்தபோது, ஒரு சின்னத் துணிப் பையில் பீருக்கு மணமும் கசப்பும் தரும் ஹாப்ஸ் பூக்களை முடிந்து உள்ளே போட்டாள். கடைசியாக, பாட்டிலில் அடைக்கும் நாள் காலை, பாட்டிலுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி போடும் வழக்கத்தை மாற்றி, பாகு காய்ச்சி மொத்தமாக வாளியிலேயே கலக்கிவிட்டாள். நுரை ஒரே சீராக வரும் என்று கடைப் பெண் சொல்லியிருந்தாள். சர்க்கரைக் கட்டிப் பையை மரே கண்ணில் படாமல் துணிகளுக்கு அடியில் ஒளித்தும் வைத்தாள்.

எல்லாம் சரியாகச் செய்தாள். ஒன்றைத் தவிர.

அது என்ன என்பது இன்று காலை காபி குடிக்கும்போது தெரிந்தது.

டமார்!

மரே கோப்பையைக் கீழே வைத்தார். "கிளெனிஸ் பேரன் பந்து அடிச்சிருப்பான்."

"பந்து கண்ணாடி மாதிரியா உடையும்?" என்றாள் ரேலீன்.

அடைத்த பாட்டில்களை அடுக்கி வைத்திருந்த ஷெட்டுக்கு இருவரும் ஓடினார்கள். தரையில் ஒரு பாட்டில் சிதறிக் கிடந்தது. சுவரில் நுரை வழிந்தது. ஆனால் ரேலீனின் மூக்குதான் முதலில் விழித்தது. ஆப்பிள் இல்லை, அட்டைப் பெட்டி இல்லை. வறுத்த தானியமும் ஆரஞ்சுத் தோலும் கலந்த நல்ல மணம். 'ஐயோ, இது பீர்!' என்று அவள் மனம் துள்ளியது. அடுத்த கணமே சுவரில் வழியும் நுரையைத் திரும்பப் பார்த்தாள்.

"மரே, பாட்டில்ல அடைச்சப்ப... சர்க்கரை எதுவும் போட்டியா?"

"போடாம? கட்டிப் பை எங்கேன்னு தேடித் தேடிப் பாத்தேன், காணோம். உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு சமையக்கட்டுச் சர்க்கரையிலேயே பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் போட்டுட்டேன்."

ஆண்பிள்ளை ஒரு பொருளைக் காணவில்லை என்றால் மனைவியை நூறு தடவை கூப்பிடுவான். கூப்பிட வேண்டிய ஒரே நாளில் கூப்பிடவில்லை.

மரே குனிந்து, வெறுங்கையால் பக்கத்துப் பெட்டியைத் தூக்கப் போனார்.

"தொடாதே!"

அவள் போட்ட கத்தலில் வேலிக்கு அந்தப்பக்கம் கிளெனிஸின் தலை முளைத்தது. "எல்லாம் நல்லபடியா இருக்கா?" என்றாள். 'ஒன்று விடாமல் சொல்' என்று அதற்கு அர்த்தம்.

"இருக்கு, கிளெனிஸ்!" என்று சொல்லி ரேலீன் ஷெட் கதவைச் சாத்தினாள். பிறகு, புருஷனின் சட்டையைப் பிடித்துப் பெட்டியிலிருந்து தள்ளி இழுத்தாள். "எல்லா பாட்டிலும் வெடிக்கும், மரே. ஒவ்வொண்ணுலயும் ரெட்டைச் சர்க்கரை. உனக்கு முன்னாடியே நான் வாளியில கலந்துட்டேன்."

"நீயா? எதுக்கு?"

இந்த 'எதுக்கு'க்குப் பதில் சொல்லாமலேயே இத்தனை மாதம் ஓட்டியாயிற்று. இனி ஓடாது. ஷெட் முழுக்க வெடிகுண்டு, மத்தியானம் சம்பந்தி. ரேலீன் எல்லாவற்றையும் கொட்டினாள். மால்ட், ஈஸ்ட், ஈரத் துண்டு, இல்லாத எலி, துணிப் பை, பாகு. கொட்டி முடித்தும் அவர் அதே முகத்தோடு நின்றார்.

"அதான் கேக்கறேன், ரே. எதுக்கு?"

"உன் பீர் நல்லா இல்ல, மரே." என்றாள். "ஒரு தடவைகூட நல்லா இருந்ததில்ல."

மரே ஷெட் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே எலுமிச்சை மரம், மஞ்சள் குண்டுகள் தொங்க, சும்மா நிற்கவில்லை, தழைத்து நின்றது.

"யாரும் குடிச்சதில்ல," என்றாள் ரேலீன், ஆரம்பித்ததை முடித்துவிடுவோம் என்று. "எல்லாரும் அந்த மரத்துக்கு..."

"தெரியும்."

"தெரியுமா?"

"பாதி நான் ஊத்துனது."

ரேலீன் மரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"அதை மனுஷன் குடிப்பானா, ரே?" என்றார் மரே. அவர் காது மடல் சிவந்திருந்தது. "முதல் தடவையே தூக்கிப் போட்டிருப்பேன். நீதான் குடிச்சுட்டு 'அருமை'ன்ன. சரி, நம்ம ஆளுக்காவது பிடிக்குதேன்னு போட்டுக்கிட்டே இருந்தேன்."

"நீ விசில் அடிச்ச. அதுக்காகத்தான் நான் குடிச்சேன்!"

"அட கஷ்டகாலமே."

யார் முதலில் சிரித்தது என்று கிளெனிஸுக்கும் தெரியாது, கதவு சாத்தியிருந்ததால். வேலிக்கு அப்பால் அவளுக்குக் கேட்டதெல்லாம், இரண்டு பேர் மூச்சு முட்டச் சிரிக்கும் சத்தமும், நடுவே இன்னொரு டமாரும்தான். அதைக் கேட்டு அவள் என்ன நினைத்தாள் என்பது வேறு கதை.

இரண்டாவது வெடியோடு சிரிப்பு நின்றது. மரே ஆணியில் தொங்கிய வெல்டிங் முகமூடியை எடுத்தார். தூசியை ஊதினார். தலையில் மாட்டினார். தோல் கையுறை, தோல் ஏப்ரன். தொழிற்சாலையின் பழைய மரே எழுந்து நின்றார்.

"டீகனை போன்ல கூப்பிட்டு ஐஸ் வாங்கிட்டு வரச் சொல்லு. பெட்ரோல் பங்க்ல இருக்கற மொத்தத்தையும். நல்லாக் குளிர வெச்சா காத்து அடங்கும். அப்புறம் மூடியை லேசா நெம்பி, காத்தை விட்டுடலாம்."

"ஊத்திடலாம் மரே. பீர்தானே. கடையில நாலு பெட்டி வாங்கிக்கலாம்."

முகமூடி அவள் பக்கம் திரும்பியது. "வாசனையைப் பாத்தியா இல்லையா? நம்ம வீட்டுல மொதமொதல்ல பீர் வாசனை அடிக்குது. இதை ஊத்தச் சொல்றியே, நீ பொம்பளையா?"

டீகன் ஐஸ் மூட்டைகளோடு வந்தபோது, அம்மா கிரிக்கெட் ஹெல்மெட்டோடு குப்பைத் தொட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்து நிற்க, அப்பா அதன் மறைவில் ஒவ்வொரு பாட்டிலாகப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி ஐஸ் பெட்டிக்குள் கிடத்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் ரேலீன்.

"சொல்லிட்டியா! எதை?"

"எல்லாத்தையும்."

டீகன் பயந்தபடி அப்பாவைப் பார்த்தாள். முகமூடிக்குள்ளிருந்து, "பாலிக்கு டிக்கெட் போட்டாச்சா கண்ணு?" என்று குரல் வந்தது.

"அம்மா! அதையுமா சொன்ன!"

மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் முற்பகல் காபி நேரத்துக்கே வந்து நிற்பது கார்மெலோ குடும்பத்து வழக்கம். பாட்டில்கள் குளிர்ந்து, மரே முதல் மூடியை நெம்பி 'உஸ்ஸ்' என்று காற்றை விட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டின் பக்கவாட்டு வழியாகவே அவர் வந்துவிட்டார். ஒரு கையில் தக்காளிக் கூடை, மறு கையில் பிரம்பு சுற்றிய பெரிய ஒயின் ஜாடி. பின்னாலேயே மனைவி அசுந்தா, அலுமினியத் தாள் மூடிய தட்டோடு.

கார்மெலோ கண்ட காட்சி: முகமூடி போட்ட சம்பந்தி, ஹெல்மெட் போட்ட சம்பந்தியம்மா, நடுவில் ஒரு பாட்டில் பாம்பு மாதிரி சீறுகிறது.

"சம்பந்தி, இது பீரா, வெடிகுண்டா?"

ரேலீன் குப்பைத் தொட்டி மூடியால் பாட்டிலை மறைக்கப் பார்த்தாள். போச்சு, மானம் போச்சு. இனி கார்மெலோ குடியிருக்கும் கேம்பல்டவுன் முழுக்கக் கல்யாணம் வரைக்கும் இதுதான் பேச்சு.

மரே முகமூடியைத் தூக்கினார். வியர்வையில் முகம் பளபளத்தது.

"ரெண்டும்தான். போட்டது நான், கார்மெலோ. சரி பண்ணுனது இவ. கடைசியில ஆளுக்கு ஒரு தடவை சர்க்கரை போட்டுட்டோம், ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம."

கார்மெலோ கூடையைக் கீழே வைத்தார். ஜாடியைக் கீழே வைத்தார். ஒரு கணம் எல்லோரையும் பார்த்தார். பிறகு, கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்து மூக்கு வரைக்கும் கட்டிக்கொண்டார்.

"என் கல்யாணத்தன்னிக்கு என் மாமனார் பீப்பாய் வெடிச்சு பாதிரியாரை நனைச்சுது. நகருங்க சம்பந்தியம்மா, அந்தத் தொட்டி மூடியை இப்படிக் குடுங்க."

ஆக, மத்தியானம் வரை இரண்டு சம்பந்திகளும் தோளோடு தோள் நின்று பாட்டில்களுக்குக் காற்று இறக்கினார்கள். ஒன்றிரண்டு சீறி, கார்மெலோவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை நனைத்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் தன் ஊர் சிசிலியின் பாஷையில் ஒரு வசவு வைத்தார். மரே அதைத் திருப்பிச் சொல்லிப் பழகினார். கிளெனிஸ் நாற்காலி போட்டு வேலியோரம் உட்கார்ந்தேவிட்டாள்.

ஆனால் பரீட்சை இன்னும் முடியவில்லை.

மேசை போட்டு, இறைச்சி சுட்டு, எல்லோரும் உட்கார்ந்ததும் மரே ஊற்றினார். தேன் நிறம். இரண்டு விரல் நுரை, சாதுவாக. முதல் குவளை கார்மெலோவுக்கு.

கார்மெலோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தார். ஒரு மடக்கு குடித்தார். ஒன்றும் சொல்லாமல், குவளையோடு எழுந்தார்.

எழுந்து, எலுமிச்சை மரத்தை நோக்கி நடந்தார்.

டீகன் மேசைக்கடியில் அம்மாவின் தொடையைக் கிள்ளினாள். ரேலீனுக்கு வலிக்கவில்லை. அவள் பார்வை மரேமேல். அவர் இறைச்சியைத் திருப்பும் இடுக்கியைப் பிடித்தபடி, மரத்தைப் பார்க்காமல், நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி இந்த மனுஷன் விசிலடிப்பாரா?

மரத்தடியில் கார்மெலோ முதுகைக் காட்டி நின்றார். கை உயர்ந்தது. ரேலீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சம்பந்தி!"

திறந்தாள். கார்மெலோ ஒரு கையில் பறித்த எலுமிச்சை, மறு கையில் காலிக் குவளையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். காலி! மரத்தடி? எட்டிப் பார்த்தாள். மண் காய்ந்து கிடந்தது. கார்மெலோவின் மீசையில்தான் நுரை இருந்தது.

"இன்னொண்ணு ஊத்துங்க. அசுந்தாதான் வண்டி ஓட்டுவா." குவளையை மரேயிடம் நீட்டினார். "கல்யாணத்துக்கு இதுதான் பீர். பேச்சே இல்ல. ஆனா ஒண்ணு சொல்லுங்க, இந்த மரத்துக்கு என்ன உரம் போடறீங்க? இப்படிக் காய்ப்பை நான் சிசிலியிலகூடப் பாத்ததில்ல."

மரே ரேலீனைப் பார்த்தார். ரேலீன் மரேயைப் பார்த்தாள்.

"அது குடும்ப ரகசியம்," என்றார் மரே. இடுக்கியைத் தட்டினார். தன்னையறியாமல் உதட்டைக் குவித்து விசிலடிக்க ஆரம்பித்தார்.

ரேலீன் தன் குவளையை எடுத்து, இத்தனை மாதத்தில் முதல் முறையாக, இரண்டாவது மடக்கும் குடித்தாள்.

"இப்ப என் முறை!" என்று கார்மெலோ ஜாடியைத் தூக்கினார். "சிரமப்படாம ஊத்திக்குங்க. கராஜ்ல பீப்பாய் பீப்பாயா இருக்கு. கல்யாணத்துக்கு வர்றவங்க குளிக்கலாம்."

சிவப்பு ஒயின் எல்லார் குவளையிலும் நிறைந்தது. ரேலீன் ஒரு மடக்கு குடித்தாள்.

அவள் கண்ணில் நீர் திரண்டது. வினிகர். சாலட்டுக்கு ஊற்றினாலும் கீரை கோபித்துக்கொள்ளும். மரேயின் கழுத்து நரம்பு புடைப்பது மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. டீகன் இருமலை அடக்கி ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கார்மெலோ ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். மீசையில் இன்னும் மரேயின் பீர் நுரை.

"எப்படி, சம்பந்தியம்மா?"

பழக்கதோஷம். ரேலீன் வாயிலிருந்து அது தானாகவே வந்துவிட்டது.

"அருமை!"

கார்மெலோ பூரித்துப்போய் மரேயின் முதுகில் ஒரு போடு போட்டார். ரேலீன் மெல்ல எழுந்து, குவளையோடு, "என்ன காய்ப்பு இந்த வருஷம்" என்று முணுமுணுத்தபடி மரத்தடிக்கு நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் அசுந்தா. நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாத அசுந்தா. அவள் கையிலும் நிறைந்த குவளை.

அசுந்தா மரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒரு முறை மேசைப் பக்கம் திரும்பி, புருஷன் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"எங்க வீட்டுல அத்தி மரம்," என்றாள் தாழ்ந்த குரலில். "கிளை முறியற மாதிரி காய்க்குது."

ரேலீன் கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டாள்.